ஊப்ஸ் டெக் எங்கே உடைகிறது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மேஜிக்: தி கேதரிங் என்ற சீட்டு விளையாட்டின் லெகஸி வடிவத்தில் (பழைய கார்டுகளையும் அனுமதிக்கும் போட்டி வகை) 'ஊப்ஸ், ஆல் ஸ்பெல்ஸ்' என்று ஒரு டெக், அதாவது கார்டுக் கட்டு, உண்டு. 60 கார்டுகளில் ஒன்றுகூட நிலக் கார்டு (ஸ்பெல் போடச் செலவாகும் மனாவைத் தருவது) கிடையாது. முதல் டர்னிலேயே ஆட்டத்தை முடிக்கும். முடிக்காவிட்டால் பெரும்பாலும் அதுவே முடிந்துபோகும். தோற்றவர்கள் 'கை சரியில்லை' என்று சொல்லிவிட்டு, அடுத்த போட்டிக்குள் நாலு கார்டை மாற்றிவிடுகிறார்கள். அந்த அவசரத்தைத் தடுக்கத்தான் இந்தக் குறிப்பு. எந்தக் கட்டத்தில் உடைந்தது என்று தெரியாமல் பட்டியலில் கை வைக்காதீர்கள்.

எண்களைச் சொல்ல ஒரு பட்டியல் வேண்டும். இங்கே எடுத்துக்கொண்டது இது:

பாலஸ்ட்ரேட் ஸ்பை 4, அண்டர்சிட்டி இன்ஃபார்மர் 4, நார்கோமீபா 4, போக்ஸ்வாக்கர்ஸ் 3, கபால் தெரபி 2, ட்ரெட் ரிட்டர்ன் 1, தஸ்ஸாஸ் ஆரக்கிள் 1, டார்க் ரிச்சுவல் 4, கபால் ரிச்சுவல் 4, லோட்டஸ் பெட்டல் 4, க்ரோம் மாக்ஸ் 4, எல்விஷ் ஸ்பிரிட் கைட் 4, சிமியன் ஸ்பிரிட் கைட் 3, சம்மனர்ஸ் பேக்ட் 3, பேக்ட் ஆஃப் நெகேஷன் 3. மீதி 12 இடத்தில் ஒரு பக்கம் ஸ்பெல், மறுபக்கம் நிலம் என இருக்கும் இருமுகக் கார்டுகள்: அகடீம்ஸ் அவேக்கனிங், ஃபெல் த ப்ரொஃபேன், பாகர்ட் ட்ராலர், ஒவ்வொன்றும் 4.

வேலை செய்யும் விதம்: ஸ்பை களத்துக்கு வந்ததும் குறிவைத்த ஆட்டக்காரர் (இங்கே நாமே) ஒரு நிலம் வரும்வரை லைப்ரரியை (எடுக்க வேண்டிய கார்டு அடுக்கு) திறந்து, திறந்ததை எல்லாம் கிரேவ்யார்டில் (கழித்த கார்டுகளின் குவியல்) போட வேண்டும். இன்ஃபார்மரை இயக்கினாலும் இதேதான். இருமுகக் கார்டுக்கு லைப்ரரியில் முன்பக்கம் மட்டுமே கணக்கு. அதனால் நிலமே வராது, லைப்ரரி முழுக்கக் கவிழும். அப்போது நார்கோமீபாக்கள் தாமாகக் களமிறங்கும். மூன்று கிரீச்சரை (களத்தில் நிற்கும் உயிரினக் கார்டுகளை) பலி கொடுத்து கிரேவ்யார்டிலிருந்தே ட்ரெட் ரிட்டர்ன் போட்டால் ஆரக்கிள் எழுந்து வரும். லைப்ரரி காலியாக இருக்கும்போது ஆரக்கிள் வந்தால் வெற்றி, ஆட்டம் முடிந்தது. ஸ்பையும் இன்ஃபார்மரும் 2013இல் கேட்க்ராஷ் தொகுப்பில் வந்தவை. ஆரக்கிள் 2020 தொடக்கத்தில் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் செண்டிகார் ரைசிங் இருமுகக் கார்டுகளைக் கொண்டுவந்த பிறகுதான் டெக்குக்கு நிலையான மனா கிடைத்தது.

அறிகுறி 1: மனா நிறைய இருக்கிறது, செலவழிக்க ஒன்றும் இல்லை

முதல் 7 கார்டில் ஸ்பையோ இன்ஃபார்மரோ ஒன்றாவது இருக்க வாய்ப்பு 65.4%. அதாவது மூன்றில் ஒரு கை வெறும் எரிபொருள். 'அடுத்த டிராவில் வந்துவிடும்' என்று அந்தக் கையை வைத்துக்கொள்வதுதான் தவறு. மீதி 53 கார்டில் 8 இருக்கின்றன, ஒரு டிராவில் 15% தான். மல்லிகன் செய்தால், அதாவது கையைத் திருப்பிவிட்டு மாற்றினால், புதிதாக 7 கார்டு பார்க்கலாம், 65% வாய்ப்பு. 2019இல் வந்த லண்டன் மல்லிகன் விதிப்படி எப்போதும் 7 பார்த்துவிட்டுத்தான் மிகுதியை அடியில் வைக்கிறோம். மூன்று முறை பார்த்தால் 95.8% ஆகிறது. 5 கார்டில் முடிக்கும் டெக் இது, 4 கார்டிலும் முடியும்:

அகடீமை நிலமாக இறக்கி 3 உயிர் கொடுத்தால் ஒரு கருப்பு. அதைக் கொண்டு டார்க் ரிச்சுவல், மூன்று கருப்பு. எல்விஷ் கைடைக் கையிலிருந்து விலக்கினால் ஒரு பச்சை. மொத்தம் 4 மனா, ஸ்பை.

ஆகவே ஒரு கையைப் பார்த்ததும் கேட்க வேண்டியவை: ஸ்பை அல்லது இன்ஃபார்மர் இருக்கிறதா? 4 மனா வருமா? முதல் கருப்பு எங்கிருந்து வருகிறது? மூன்றாவது கேள்வியில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். இரண்டு ரிச்சுவல், இரண்டு கைடு, ஒரு ஸ்பை என்று கை பளபளப்பாகத் தெரியும். ஆனால் கைடுகள் தருவது பச்சையும் சிவப்பும். ரிச்சுவலைத் தொடங்கக் கருப்பு இல்லையென்றால் அந்தக் கையில் இருப்பது 2 மனா மட்டுமே.

அறிகுறி 2: ஆரக்கிளோ ட்ரெட் ரிட்டர்னோ கையில் மாட்டிக்கொண்டது

ஒரே பிரதியாக வைத்த கார்டு முதல் 7இல் வர வாய்ப்பு 11.7%. இது அபாய நிலை அல்ல, வழி இருக்கிறது. லைப்ரரி கவிழ்ந்ததும் கிரேவ்யார்டில் உள்ள கபால் தெரபியை ஒரு கிரீச்சரைப் பலி கொடுத்துப் போட்டு, உங்களையே குறிவைத்து, அந்தக் கார்டின் பெயரைச் சொல்லுங்கள். அது கிரேவ்யார்டுக்குப் போய்விடும். இரண்டும் கையில் இருந்தால் இரண்டு தெரபியும் உங்கள் மீதே செலவாகும். எதிராளியின் கையைப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. மல்லிகன் செய்கிறீர்கள் என்றால் இன்னும் எளிது, அடியில் வைக்கும் கார்டாக அதையே வையுங்கள்.

செய்யவே கூடாதது ஒன்று: க்ரோம் மாக்ஸில் ஆரக்கிளையோ ட்ரெட் ரிட்டர்னையோ பதிப்பது. பதித்த கார்டின் நிறத்தில்தான் மாக்ஸ் மனா தரும், ஆனால் அந்தக் கார்டு விலக்கப்பட்டுவிடும், திரும்பாது. மாக்ஸுக்கு உகந்தவை மிகுதியான இருமுகக் கார்டும் போக்ஸ்வாக்கர்ஸும், இரண்டுமே கருப்பு. கையில் சிக்கிய நார்கோமீபாவையும் பதிக்கலாம், ஆனால் நீலம்தான் கிடைக்கும். ஸ்பையின் பொது மனாவுக்கு உதவும், ரிச்சுவலைத் தொடங்க உதவாது.

அறிகுறி 3: கவிழ்ந்தது, ஆனால் பலி கொடுக்கக் கிரீச்சர் போதவில்லை

ஸ்பைக்கும் இன்ஃபார்மருக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெரியும். ஸ்பை களத்திலேயே நிற்கும், எண்ணிக்கையில் சேரும். இன்ஃபார்மர் 1 மனாவோடு ஒரு கிரீச்சரைப் பலி கேட்கும். பெரும்பாலும் தன்னையே கொடுக்கும். நாலு நார்கோமீபாவும் லைப்ரரியில் இருந்தால் ஸ்பை வழியில் 5, இன்ஃபார்மர் வழியில் 4. ஒன்று கையில் மாட்டினால் 4, 3. இரண்டு மாட்டினால் இன்ஃபார்மர் வழியில் 2 மட்டுமே, ட்ரெட் ரிட்டர்னுக்குப் பற்றாது. குறைந்தது ஒரு நார்கோமீபா கையில் வரும் ஆட்டங்கள் 40% என்பதை நினைவில் வையுங்கள். இது அபூர்வ விபத்தல்ல.

போக்ஸ்வாக்கர்ஸ் இதற்குத்தான். கையைத் தவிர வேறு எங்கிருந்தாவது நீங்கள் ஸ்பெல் போட்டால் அது கிரேவ்யார்டிலிருந்து எழுந்து வரும். வரிசை முக்கியம்: முதலில் தெரபி, பிறகு ட்ரெட் ரிட்டர்ன். ஒரே ஒரு கிரீச்சரைத் தெரபிக்குப் பலி கொடுங்கள், மூன்று போக்ஸ்வாக்கர்ஸும் எழும். பலி என்பது போடும் செலவின் பகுதி என்பதால், இரண்டாவது தெரபிக்குப் போக்ஸ்வாக்கர்ஸையே கொடுத்தாலும் அதுவும் திரும்பி வரும். இரண்டு போக்ஸ்வாக்கர்ஸோடு ஆடுபவர்கள் இங்கே இடறுவார்கள்: நார்கோமீபாக்கள் எல்லாம் போய்விட்டால் இரண்டுதான் நிற்கும், மூன்று ஆகாது. மூன்றாவது பிரதி ஆடம்பரம் அல்ல.

அறிகுறி 4: பாதியில் நின்றுவிட்டது, லைப்ரரியில் இன்னும் கார்டு இருக்கிறது

பட்டியலில் உண்மையான நிலம் இருக்கிறது. சைட்போர்டிலிருந்து (ஆட்டங்களுக்கு இடையே மாற்றிக்கொள்ளும் உபரிக் கார்டுகளிலிருந்து) வந்திருக்கும், அல்லது 'பேக்ட் கொண்டுவரும் பச்சைக் கிரீச்சர்' என்று ட்ரையட் ஆர்பரைச் சேர்த்திருப்பீர்கள். அது நிலமும்தான். எடுத்துவிடுங்கள்.

அறிகுறி 5: எதிராளியின் டர்ன் முடிவில் இன்ஃபார்மரை இயக்கினேன், என் டிராவில் தோற்றேன்

இன்ஃபார்மரை எப்போது வேண்டுமானாலும் இயக்கலாம் என்பது உண்மை. தெரபியும் ட்ரெட் ரிட்டர்னும் உங்கள் முக்கியக் கட்டத்தில் மட்டுமே போட முடியும். எதிராளி டர்னில் லைப்ரரியைக் காலி செய்தால், உங்கள் டிரா கட்டம் அதற்கு முன் வந்துவிடும். காலி லைப்ரரியிலிருந்து டிரா செய்தால் தோல்வி. இன்ஃபார்மரின் உண்மையான நன்மை வேறு: இந்த டர்னில் 3 மனா, அடுத்த டர்னில் 1 மனா என்று பிரித்துக் கட்டலாம்.

அறிகுறி 6: ஃபோர்ஸ் ஆஃப் வில் பயத்தில் காத்திருந்து தோற்கிறேன்

எல்லா அறிகுறியிலும் இதுவே பரவலானது. இதற்கு மருந்து கணக்கு.

ஃபோர்ஸ் ஆஃப் வில் என்பது மனா செலவின்றி உங்கள் ஸ்பெல்லைத் தடுக்கக்கூடிய நீலக் கார்டு. எதிராளியிடம் ஃபோர்ஸ் 4 பிரதி இருந்தால், 7 கார்டில் ஒன்றாவது இருக்க 39.95%. கூடவே விலக்க இன்னொரு நீலக் கார்டும் வேண்டும், ஆகவே நடைமுறையில் அதைவிடக் குறைவு. அவர் ஒரு டிரா எடுத்தால் 44.5%, இரண்டு எடுத்தால் 48.8%. ஒரு டர்ன் காத்திருப்பதன் விலை நாலரைப் புள்ளி. அந்த ஒரு டர்னில் உங்களுக்குப் பேக்ட் ஆஃப் நெகேஷன் (அந்த ஃபோர்ஸையே தடுக்கும் கார்டு) வர வாய்ப்பு 53இல் 3, அதாவது 5.7%. வந்தாலும் அது உதவுவது அவரிடம் ஃபோர்ஸ் இருக்கும் ஆட்டத்தில் மட்டுமே, ஆகவே லாபம் இரண்டரைப் புள்ளி. இதில் அவர் இறக்கப்போகும், ஸ்பெல்களைத் தடுக்கும் சாலிஸையோ, உங்கள் கையிலிருந்து கார்டைப் பறிக்கும் ஸ்பெல்லையோ கணக்கில் சேர்க்கவே இல்லை. 4 மனாவும் ஸ்பையும் கையில் இருந்தால் பேக்டுக்காகக் காத்திருக்காதீர்கள். ஐந்தாவது மனாவுக்காகக் காத்திருப்பது வேறு விஷயம்: எதிரே டேஸ் (கூடுதலாக 1 மனா கட்டாவிட்டால் ஸ்பெல்லைத் தடுக்கும் கார்டு) இருக்கிறது என்று தெரிந்தால் அதற்குப் பொருள் உண்டு.

பேக்ட் ஆஃப் நெகேஷன் கையில் இருக்கும்போது அதை முதல் எதிர்ப்பின் மீதே வீச வேண்டும் என்றில்லை. டார்க் ரிச்சுவலை ஃபோர்ஸ் செய்தால், கையில் இருப்பதைக் கொண்டு வேறு வழியில் 4 மனா வருமா என்று முதலில் பாருங்கள். வந்தால் பேக்டைச் சேமியுங்கள். இரண்டு பேக்டுக்கும் கடன் அடுத்த டர்ன் தொடக்கத்தில்: நெகேஷனுக்கு 5 மனா, சம்மனர்ஸுக்கு 4. கட்டாவிட்டால் தோல்வி; இந்த டெக்கால் அதைக் கட்ட முடியாது. இந்த டர்னில் முடிக்கும்போது மட்டுமே தொடுங்கள்.

ஃபோர்ஸ் ஆஃப் நெகேஷன் கிரீச்சரைத் தடுக்காது. எதிராளி அதை மட்டும் ஆடுகிறார் என்றால் ஸ்பையும் இன்ஃபார்மரும் கவலையின்றி இறங்கும். ரிச்சுவல்கள், ட்ரெட் ரிட்டர்ன் போன்ற கிரீச்சர் அல்லாத ஸ்பெல்கள்தான் ஆபத்தில்.

அறிகுறி 7: ஸ்பை இறங்கியது, அதன் பிறகு உடைந்தது

எதிராளி குறுக்கிட ஆறு வாசல்கள் உள்ளன: ஸ்பையைப் போடும்போது, ஸ்பையின் ட்ரிகரின்போது (தானாகக் கிளம்பும் திறன்), நார்கோமீபா ட்ரிகர்கள் காத்திருக்கும்போது, தெரபியின்போது, ட்ரெட் ரிட்டர்னின்போது, கடைசியில் ஆரக்கிள் ட்ரிகரின்போது. ஒவ்வொரு தோல்விக்கும் எந்த வாசல் என்று ஒரு எண்ணைக் குறித்து வையுங்கள். பட்டியலை மாற்ற அந்த எண்கள்தான் ஆதாரம்.

இரண்டாம் வாசலில் அடி: பெரும்பாலும் கன்சைன் டு மெமரி. அது ட்ரிகரை ரத்து செய்யும். இன்ஃபார்மருடையது ட்ரிகர் அல்ல, நீங்கள் இயக்கும் திறன். கன்சைன் அதைத் தொடாது. அந்த எதிராளிக்கு எதிரே இரண்டும் கையில் இருந்தால் இன்ஃபார்மரையே இறக்குங்கள். ஆரக்கிளின் ட்ரிகரை மட்டும் எப்படியும் அது தொடும், அதைத் தெரபியால் முன்னமே பிடுங்க வேண்டும்.

மூன்றாம் வாசலில் அடி: கிரேவ்யார்டில் உள்ள ஒரு கார்டின் எல்லாப் பிரதிகளையும் விலக்கும் சர்ஜிகல் எக்ஸ்ட்ராக்ஷன், அல்லது கிரேவ்யார்டையே லைப்ரரிக்கு அடியில் அனுப்பும் எண்ட்யூரன்ஸ். நார்கோமீபா ட்ரிகர்கள் நிலுவையில் இருக்கும்வரை நீங்கள் தெரபி போட முடியாது, ஆகவே கிரேவ்யார்டில் உள்ள தெரபி இங்கே காப்பாற்றாது. கையில் இருக்கும் தெரபியை 1 கருப்பு கொடுத்து ஸ்பைக்கு முன்பே போட வேண்டும். சர்ஜிகல் நார்கோமீபா மீது விழுந்தால் மேலே சொன்ன மூன்று போக்ஸ்வாக்கர்ஸ் வழி உண்டு: ஸ்பையையே தெரபிக்குப் பலி கொடுங்கள். ட்ரெட் ரிட்டர்ன் மீது விழுந்தால் அந்த ஆட்டம் போனது. எண்ட்யூரன்ஸ் அப்படியல்ல; கிரேவ்யார்டு லைப்ரரிக்கு அடியில் போய்விடுவதால் நீங்கள் உடனே சாக மாட்டீர்கள். ஸ்பை பறக்கும் 2/3 (தாக்கும் வலு 2, தாங்கும் வலு 3) ஆக நிற்கும். ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

ஐந்தாம் வாசலில் அடி: ட்ரெட் ரிட்டர்ன் ஒன்றுதான், தடுக்கப்பட்டால் விலக்கப்படும். அதற்கு முன் தெரபியைப் போடாமல் ஓடியிருப்பீர்கள். போக்ஸ்வாக்கர்ஸ் இருக்கும்போது தெரபி இலவசம், தவிர்க்கக் காரணமே இல்லை. தெரபிக்கு எந்தக் கார்டு என்று பெயர் சொல்வது அது நிறைவேறும்போது. போடும்போதே சொல்லிவிட்டால் எதிராளிக்குத் தகவல் கொடுத்ததாகும். முதல் தெரபியில் அவர் கை முழுவதும் தெரியும், இரண்டாவதைக் குறி தவறாமல் அடிக்கலாம்.

ஸ்பெல்களை விலக்கும் மைண்ட்பிரேக் ட்ராப் தனி வகை. ஒரே டர்னில் மூன்று ஸ்பெல் போட்டால் எதிராளிக்கு அது இலவசம். கைடுகளும் நிலமும் ஸ்பெல் அல்ல, பெட்டலும் மாக்ஸும் பேக்டும் ஸ்பெல். அறிகுறி 1இல் சொன்ன நாலு கார்டு வழியில் ஸ்பை இரண்டாவது ஸ்பெல் மட்டுமே. மூன்றாவதாக வருவது தெரபியாக இருக்கட்டும். இரண்டு வழியில் மனா திரட்ட முடிகிறபோது, ஸ்பெல் எண்ணிக்கை குறைவான வழியே நல்லது.

அறிகுறி 8: முதல் ஆட்டம் வெல்கிறேன், இரண்டும் மூன்றும் போகிறது

ஒரு கணக்கு. மூன்றில் இரண்டு ஆட்டம் வென்றவருக்கே மேட்ச். முதல் ஆட்டம் 70%, சைட்போர்டுக்குப் பின் 50% என்றால் மேட்ச் வெற்றி 60%. முதல் ஆட்டம் 55% ஆக இறங்கி, பின்னது 60% ஆக ஏறினால் மேட்ச் 62.4%. சைட்போர்டில் செலவிடும் ஒரு மணி நேரம், முதன்மைப் பட்டியலில் செலவிடும் ஒரு மணி நேரத்தைவிட மதிப்பு மிக்கது.

லைலைன் ஆஃப் த வாய்ட், கிராஃப்டிக்கர்ஸ் கேஜ் இரண்டும் கிரேவ்யார்டு வழியை அடியோடு மூடும். லைலைன் களத்தில் இருக்கும்போது ஸ்பையை உங்கள் மீது ஏவினால் லைப்ரரியே விலக்கப்படும், அடுத்த டிராவில் தோல்வி. பதில், கோப்ளின் சார்பெல்ச்சர்: 4 மனாவுக்கு இறக்கி, 3 மனாவுக்கு இயக்கினால் நிலம் வரும்வரை திறந்து, திறந்த எண்ணிக்கைக்குச் சேதம். நிலமே இல்லாத டெக்கில் அது 40ஐத் தாண்டும்.

முழு டெக்கையும் பெல்ச்சராக மாற்ற முயலாதீர்கள். கிரேவ்யார்டு வழிக்கு மட்டுமே உதவும் கார்டுகள் 19, சைட்போர்டு 15. கணக்கே இடம் தராது. நடைமுறை மாற்றம்: பெல்ச்சர் 4, ஃபோர்ஸ் ஆஃப் விகர் 3 உள்ளே; இன்ஃபார்மர் 4, போக்ஸ்வாக்கர்ஸ் 3 வெளியே. ஸ்பை 4, பெல்ச்சர் 4 என முடிக்கும் கார்டுகள் அப்போதும் 8, அந்த 65.4% குறையாது. இன்ஃபார்மரை வெளியேற்றக் காரணம், போக்ஸ்வாக்கர்ஸ் இல்லாதபோது அதன் கூடுதல் பலி வலிக்கும்.

விகர் உங்கள் டர்னில் இலவசம் இல்லை. எதிராளியின் டர்னில், இன்னொரு பச்சைக் கார்டை விலக்கிப் போட்டு லைலைனை உடைத்து, உங்கள் அடுத்த டர்னில் பாய வேண்டும். சம்மனர்ஸ் பேக்டும் பச்சைக் கார்டுதான், எல்விஷ் கைடோடு சேர்த்தால் 7, மற்ற விகர்கள் தனி. பச்சை ஒன்று கூட இல்லாத கையில் விகரை வைத்துக்கொண்டு காத்திருப்பது வீண்.

அறிகுறி 9: மேசையில் தண்டனை, எச்சரிக்கை

லெகஸியில் கிரேவ்யார்டின் வரிசையை மாற்றக் கூடாது. ஐம்பது கார்டு கவிழ்ந்ததும் வகை பிரித்து அடுக்கத் தோன்றும். செய்யாதீர்கள், வரிசை கலையாமல் விசிறி போல விரித்துக் காட்டுங்கள். ஸ்பையின் குறி யார் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நார்கோமீபா ட்ரிகர்களை எண்ணிக்கையோடு அறிவியுங்கள்.

இருமுகக் கார்டு 12 இருப்பதால் பின்பக்கம் துளியும் தெரியாத உறை வேண்டும். பளபள ஃபாயில் கார்டு ஈரக்காற்றில் வளையும். 12 மட்டும் வளைந்தால் அவை அடையாளமிட்ட கார்டுகள் ஆகிவிடும். இந்த டெக்கில் ஃபாயில் வேண்டாம்.

ஆட்டம் முடிந்ததும் நார்கோமீபாக்களும் போக்ஸ்வாக்கர்ஸும் ஒன்றாகக் களத்தில் கிடக்கும். அப்படியே அள்ளி மூன்று முறை கலைத்தால் அடுத்த கையில் இரண்டு நார்கோமீபா சேர்ந்து வந்து நிற்கும். ரிஃபிள் முறையில் 7 தடவைக்குக் குறையாமல் கலையுங்கள். 50 நிமிடச் சுற்றில் இந்த டெக்குக்கு நேரப் பஞ்சம் கிடையாது.

அறிகுறி 10: ஒவ்வொரு போட்டிக்கும் பட்டியல் மாறுகிறது, முடிவு மாறவில்லை

தனியே 100 கை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்றே குறிப்பு: வைத்தீர்களா, எந்த டர்னில் முடிந்தது, முடியாவிட்டால் என்ன குறை. முதல் கருப்பா, நாலாவது மனாவா, ஸ்பையா. 100 கையில் பிழை வரம்பு ஏறத்தாழ 10 புள்ளி. ஒரு கார்டை மாற்றியதால் 3 புள்ளி ஏறியது என்று அதிலிருந்து சொல்ல முடியாது. 20 புள்ளி இறங்கினால் சொல்லலாம். ஒரு நேரத்தில் ஒரே வகையை மட்டும் மாற்றுங்கள். 'முதல் கருப்பு' குறை அதிகமானால் சிமியனை ஒன்று குறைத்து, கருப்பு இருமுகக் கார்டு ஒன்று கூட்டுங்கள். 'நாலாவது மனா' குறை அதிகமானால், முதலில் மாக்ஸில் நீங்கள் எதைப் பதிக்கிறீர்கள் என்று பாருங்கள். பட்டியலைத் தொடுவது அதற்குப் பிறகு.